இரண்டு கடிகாரங்களும் நாற்பது பிள்ளைகளும்

போன வாரம் மங்கையற்கரசியைப் பள்ளிக்கூடத்து வாசலில், கையில் பிரம்பும் முகத்தில் சிரிப்புமாக நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஏழு நாளாக அங்கேயே நிற்கிறாள். முதலில் அவளை உள்ளே போக விடுவோம்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மங்கை யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாய்ப் பெண். ஆசிரியப் பயிற்சி முடித்து, “ரெண்டே வருசம் அம்மா, பிறகு வந்து நீங்கள் காட்டிறவரைக் கட்டுறன்” என்று வாக்குக் கொடுத்துவிட்டு 1940இல் கப்பலேறியவள். மலாயாவில், லுக்குட் பக்கத்தில் சுங்கை மெராந்தி ரப்பர்த் தோட்டத்தில் அவளுடைய அண்ணன் குலசேகரம் பெரிய கிராணி, அதாவது ஆபீஸ் தலைமைக் குமாஸ்தா. அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கைக்கு வேலை கிடைத்தது. இரண்டு வருஷம் முடிவதற்குள் சண்டை வந்துவிட்டது. வெள்ளைக்காரத் துரை ஓடினார், ஜப்பான்காரர்கள் வந்தார்கள், கப்பல் நின்றது. அம்மா பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளை வேறு யாரையாவது கட்டிக்கொண்டாரோ என்னவோ, கடிதம் வந்தால்தானே தெரியும்?

இதற்கெல்லாம் மூலையில் உட்கார்ந்து அழுகிற பெண் இல்லை அவள். சிரம்பானுக்குப் போய் ஆறு வாரம் ஜப்பான்காரர்களின் நிப்பொன் பாஷை படித்துக்கொண்டு வந்து, அதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். ‘பள்ளிக்கூடம் திறந்திருக்க வேண்டுமானால் எந்தப் பாஷையில் எண்ணினால் என்ன’ என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சியில் சேராதவள் அண்ணன் மனைவி பாலேஸ்வரி. “உந்தப் பாஷை என்ரை குசினிக்குள்ளை வரப்படாது” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஊரிலிருக்கும் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாமல் போனதற்கு அந்தப் பாஷைக்காரர்கள்தான் காரணம் என்பது அவள் கணக்கு. அதனால் மங்கை பாடம் படிப்பதெல்லாம் குசினிச் சுவருக்கு வெளியே, கொல்லைப் பக்கம்தான்.

இனி இந்த வாரத்து வில்லங்கம். நாற்பது பிள்ளைகளுக்குக் குறைவாக வருகிற தோட்டப் பள்ளிக்கூடங்களை மூடிவிட வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மூடினால், பன்னிரண்டு வயது தாண்டிய பிள்ளைகள் ஆள்பட்டியலில் சேர்வார்கள். ஆள்பட்டியலில் சேர்ந்தவர்கள் சயாமுக்கு ரயில்பாதை போடப் போகும் லாரியில் ஏறுவார்கள். அந்த லாரி இந்தத் தோட்டத்துக்கு இதுவரை இரண்டு முறை வந்திருக்கிறது. முதல் லாரியில் போன ஆறுமுகத்தைப் பற்றி ஐந்து மாதமாக ஒரு சேதியும் இல்லை. அவர் மகள் வள்ளிநாயகிதான் மங்கையின் வகுப்பில் முதல் மாணவி. வயது பதின்மூன்று.

பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் வருகிற நாள்தான் இந்த வெள்ளிக்கிழமை.

பதிவேட்டில் நாற்பத்திரண்டு பெயர்கள் இருந்தன. அதனால் மங்கைக்குப் பயமில்லை. சின்னவர்கள் காலையிலேயே வந்துவிடுவார்கள். பெரியவர்கள் தாய்மாரோடு காட்டுக்குப் போய், மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணங்களிலிருந்து ரப்பர்ப் பாலைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு நடுப்பகலில் வருவார்கள். இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு மணிக்கு வருகிறார் என்று திங்கட்கிழமையே அண்ணன் சொல்லியிருந்தார். பன்னிரண்டு மணி என்றால் எல்லோரும் முகம் கழுவித் தலை சீவி உட்கார்ந்திருப்பார்கள். ஆளைப் பிடித்துக் கேட்டு வாங்கினாலும் இப்படி ஒரு நேரம் கிடைக்காது என்று அவள் மகிழ்ந்து போனாள்.

அந்த மகிழ்ச்சியோடுதான் வெள்ளிக்கிழமை காலை பதினாறு சின்னவர்களை வைத்துக்கொண்டு, தோக்கியோச் சக்கரவர்த்தி இருக்கும் திசையைக் கும்பிட ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கிழக்கே திரும்பு! குனி! மயிலு, நீ மேற்கே குனியிற! அங்க லுக்குட் கடைத்தெருதான் இருக்கு.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது தோட்டத்துச் சிவப்பு மண் பாதையில் ஒரு கார் இருமிக்கொண்டு வந்தது. பெட்ரோல் கிடைக்காத காலம்; பின்புறம் கரி அடுப்பு பூட்டிய கார். அது விட்ட புகை லயன் வீடுகளைத் தாண்டி, கிராணி வீட்டுக் குசினி ஜன்னல் வழியாக உள்ளே போனது.

கார் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் மொழிபெயர்ப்பாளர் இராஜமாணிக்கம், சிரம்பான்காரர், கழுத்துப் பட்டி கட்டியவர். அடுத்து இறங்கியவர் இன்ஸ்பெக்டர் ஹிராயாமா. வெள்ளைப் புருவமும் ஒட்டிய கன்னமுமாக, அறுபது வயதிருக்கும். இறங்கியதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் திருப்தியோடு தலையை ஆட்டினார்.

மங்கை வானத்தைப் பார்த்தாள். சூரியன் இன்னும் புகைக்கூண்டுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. பன்னிரண்டாவது ஒன்றாவது!

அந்த நேரம் பார்த்து, புதிதாகச் சலவை செய்த கோட்டைப் போட்டுக்கொண்டு, ஆபீசிலிருந்து குலசேகரம் வேக நடையில் வந்து சேர்ந்தார். இன்ஸ்பெக்டருக்கு இடுப்பு வளையக் கும்பிடு போட்டார். பிறகு நிமிர்ந்து உள்ளே பார்த்தார். பெரிய பெஞ்சுகள் எல்லாம் காலியாக இருந்தன.

“மங்கை, மற்றப் பிள்ளையள் எங்கை?” அவர் உதடு அசையாமல் கேட்டார்.

“காட்டிலை. பன்னிரண்டு மணி எண்டுதானே அண்ணை சொன்னியள்?”

“ஓம். இப்ப பன்னிரண்டுதான்.” தன் மணிக்கட்டைக் காட்டினார். அதில் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது.

மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. 

இது என்ன கூத்து என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஜப்பான்காரர்கள் வந்த கையோடு மலாயாவின் கடிகாரத்தையும் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். தோக்கியோவில் என்ன மணியோ இங்கேயும் அதே மணி. பழைய நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தி. ஆபீஸ் கடிகாரம் பன்னிரண்டு அடித்தால், பழைய நேரப்படி பத்தரைதான். ரப்பர் மரத்துக்குத் தோக்கியோ தெரியாது, அது சூரியனைப் பார்த்துத்தான் பால் விடும். ஆகவே தோட்டத்து ஜனங்கள் பழைய நேரத்தை விடவில்லை. ஆபீசில் இருப்பவர்கள் மட்டும் காகிதத்தில் 1943ஐ ஜப்பான் கணக்குப்படி 2603ஆம் வருஷம் என்று எழுதி, தோக்கியோ மணியில் வேலை பார்த்தார்கள்.

கிராணி வீட்டில் இதற்கென்று ஒரு சட்டமே இருந்தது. சட்டம் போட்டவள் பாலேஸ்வரி. அவள் தகப்பன் சீதனத்தோடு கொடுத்த சுவர்க் கடிகாரம் நடுக்கூடத்தில் பழைய நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. “சப்பாத்தைக் கழட்டேக்கை தோக்கியோவையும் வாசல்லை கழட்டிப்போட்டு வாங்கோ” என்பாள் கணவனிடம். குலசேகரமும் அப்படியே செய்து வந்தார். வீட்டுக்குள் அவர் வாயிலிருந்து வரும் மணி எல்லாம் பழைய மணி. இந்த ஒரு விஷயத்தில் தம்பதிக்குள் சண்டையே வந்ததில்லை.

திங்கட்கிழமை மட்டும் அவர் அவசரமாக வந்து, வாசற்படியிலேயே நின்று, “வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினார். வீட்டிலிருந்து கேட்ட மங்கை வீட்டு மணி என்று எடுத்துக்கொண்டாள். அவர் காலில் சப்பாத்து இருந்ததை அவள் பார்க்கவில்லை.

“டீச்சர், மொத்தம் எத்தனை பிள்ளைங்கன்னு ஐயா கேக்குறாரு,” என்றார் இராஜமாணிக்கம்.

“நாற்பத்திரண்டு.”

“இங்க பதினாறுதானே இருக்கு?”

குலசேகரம் வாயைத் திறந்தார். ‘நேரம் பழைய நேரம் என்று நினைத்துவிட்டோம்’ என்று அவர் உண்மையைச் சொல்லப் போகிறார் என்பது மங்கைக்குத் தெரிந்தது. தோட்டமே இன்னும் வெள்ளைக்காரன் நேரத்தில் நடக்கிறது என்று ஒரு ஜப்பானிய அதிகாரியிடம் சொல்வதைவிடப் பள்ளிக்கூடத்தைக் கையோடு பூட்டிச் சாவியைக் கொடுத்துவிடலாம். அவள் அண்ணனின் காலை மெல்ல மிதித்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்போது முந்தானையை இழுத்துச் செருகியபடி, கையில் தேநீர்க் கேத்தலோடு பாலேஸ்வரி ஓடி வந்தாள். குசினிக்குள் கார்ப் புகை வந்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. மங்கை விருந்தாளிகளுக்காகப் போட்ட சிரிப்பை மாற்றாமல், யாழ்ப்பாணத்து வேகத்தில் மடமடவென்று சொன்னாள்.

“மச்சாள், தேத்தண்ணியை விடுங்கோ. குறுக்காலை ஒன்பதாம் நம்பருக்கு ஓடுங்கோ. பிள்ளையள் வேலையை விட்டிட்டு வரவேண்டாம், அவையவை நிரையிலையே வாளியோடை நிக்கட்டும் எண்டு மண்டோரிட்டைச் சொல்லுங்கோ. நான் இவையைச் சுத்திக் கூட்டிக்கொண்டு வாறன்.”

பாலேஸ்வரி ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேத்தலைக் கணவன் கையில் திணித்துவிட்டு ஓடினாள். பெரிய கிராணி சலவைக் கோட்டும் கேத்தலுமாக நின்றார்.

“என்ன சொன்னீங்க டீச்சர்?” இராஜமாணிக்கத்துக்குப் பாதிதான் பிடிபட்டிருந்தது.

“நீங்கள் வாறதாச் சொல்லிவிட்டன். ஐயாவிட்டைச் சொல்லுங்கோ: எங்கடை பள்ளிக்கூடம் ரெண்டு இடத்திலை நடக்குது. சின்னவைக்கு இஞ்சை. பெரியவைக்குக் காட்டிலை. கையிலை வேலை, வாயிலை பாடம். வந்து பாக்கட்டும்.”

இதில் பொய் பாதிகூட இல்லை. பெரியவர்களுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைப்பதில்லை என்று, பாலை வாளியில் ஊற்றும்போதே மங்குகளை நிப்பொன் பாஷையில் எண்ணுங்கள் என்று அவர்களைப் பழக்கியிருந்தாள். ஒரு நிரைக்கு நூறு மரம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை முறை எண்ணியிருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் பாடமாக அது இருக்கும் என்றுதான் அவள் கனவிலும் நினைக்கவில்லை.

இராஜமாணிக்கம் மொழிபெயர்த்தார். ஹிராயாமா மங்கையை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பதினாறு வாண்டுகள் இரண்டிரண்டாக, பின்னால் மங்கை, அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டரும் மொழிபெயர்ப்பாளரும், கடைசியில் கேத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் குலசேகரம். நேர்வழியில் ஐந்து நிமிஷம் நடந்தால் ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காடு வந்துவிடும். மங்கை அவர்களைப் பால் கொட்டகை வழியாக, புகைக்கூண்டு வழியாக, புதிதாகப் போட்ட மரவள்ளித் தோட்டம் வழியாகக் கூட்டிப்போனாள். போகிற வழியெல்லாம் ஒவ்வொன்றையும் காட்டி விளக்கினாள். மரவள்ளியைப் பற்றி மட்டும் அரைமைல் தூரம் பேசினாள்.

உள்ளுக்குள் அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பதினாறும் காட்டில் இருப்பவர்களும் சேர்ந்தால்…

கணக்குப் போட்டவள் நடையைத் தளரவிட்டாள்.

பதிவில் நாற்பத்திரண்டுதான். ஆனால் பஞ்சாலைக்கும் அவள் தம்பிக்கும், மேல் லயத்து அர்ச்சுனனுக்கும் முறைக்காய்ச்சல். காலையில் நடுக்கி எடுக்கும், நடுப்பகலில் வேர்த்து விட்டுவிடும். பன்னிரண்டு மணிக்குக் கம்பளியைப் போர்த்தியாவது கொண்டுவந்து உட்கார வைத்துவிடலாம் என்றுதான் அவர்களையும் சேர்த்து எண்ணியிருந்தாள். இப்போது மூவரும் லயத்தில் பல் கிட்டக் கிடப்பார்கள். அவர்களைக் கழித்தால், சின்னவர் பதினாறு, பெரியவர் இருபத்து மூன்று. முப்பத்தொன்பது.

ஒரே ஒரு பிள்ளை குறைந்தது. அந்த ஒன்றுக்காக வள்ளியும் மற்றவர்களும் லாரியில் ஏற வேண்டும்.  இருந்தாலும் முகத்திலிருந்த சிரிப்பை மங்கை இறக்கவில்லை. இறக்கினால் அண்ணன் கேத்தலைக் கீழே போட்டுவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

ஒன்பதாம் நம்பரில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் ரப்பர் மரங்கள் நிரை நிரையாகச் சரிவில் இறங்கின. மரத்துக்கு ஒரு பிள்ளை, பிள்ளைக்கு ஒரு வாளி. கிட்ட இருந்தவர்கள் தெரிந்தார்கள். தள்ளி இருந்தவர்கள் அடிமரங்களுக்குள் மறைந்துபோயிருந்தார்கள்.

“எல்லாம் சொன்னபடி நிக்குதுங்க டீச்சரம்மா,” என்று மெதுவாகச் சொன்னார் நல்லசாமி. “பயப்படாதீங்கலா.”

பாலேஸ்வரியைக் காணவில்லை.

இராஜமாணிக்கம் மரங்களுக்குள் எட்டிப் பார்த்தார். “ஐயா ஒவ்வொருத்தரா எண்ணணும்னு சொல்றாரு. எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க.”

வெளியே வரச் சொன்னால் முப்பத்தொன்பது தலை பளிச்சென்று தெரிந்துவிடும். மங்கை இராஜமாணிக்கத்தைப் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டரையே பார்த்து, தனக்குத் தெரிந்த நிப்பொன் பாஷையில், தப்போ சரியோ, நேராகச் சொன்னாள். பிள்ளைகள் கூப்பிட்டால் வந்துவிடுவார்கள், ஆனால் மங்குகளில் பால் காத்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்தே தங்களை எண்ணிக் காட்டுவார்கள், தயவுசெய்து கேளுங்கள்.

கிழவரின் வெள்ளைப் புருவம் உயர்ந்தது. நோட்டையும் பென்சிலையும் எடுத்தார்.

“பங்கோ!” என்று மங்கை குரல் கொடுத்தாள். எண்ணிக்கை சொல்லு என்ற கட்டளை அது.

“இச்சி!” என்றான் முன்னால் நின்ற மயிலு, மலை கேட்க.

“நி!” “சன்!”

சின்னவர்கள் பதினாறு வரை ஓட்டமாக ஓடினார்கள். பதினேழு மரங்களுக்குள்ளிருந்து வந்தது. பதினெட்டு அதற்கும் தள்ளி. குரல் நிரை நிரையாகத் தாவிக்கொண்டு சரிவில் இறங்கியது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. இருபது, இருபத்தைந்து, முப்பது. ஒவ்வொரு எண்ணுக்கும் மங்கையின் நெஞ்சு பெருமையில் விம்மியது, பயத்தில் அடித்துக்கொள்ளவும் செய்தது. இந்தப் பிள்ளைகளைவிட்டு எந்தக் கப்பல் வந்தாலும் ஏறப்போவதில்லை என்று அந்த இடத்தில் அவளுக்குத் தோன்றியது. அதை நினைத்துப் பார்க்க இப்போது நேரமில்லை.

“சன்ஜூ-கியூ!” முப்பத்தொன்பது. அது வள்ளிநாயகியின் குரல், கணீரென்று.

அதற்குப் பிறகு சத்தம் இல்லை.

இன்ஸ்பெக்டர் பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். குலசேகரம் கண்ணை மூடிக்கொண்டார். மங்கை என்ன சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள்.

“யோன்ஜூ!”

நாற்பது! சரிவுக்குக் கீழே எங்கிருந்தோ, வேண்டுமென்றே தடிக்க வைத்த ஒரு குரல்.

அவள் மூச்சு விடுவதற்குள், அதற்கும் அப்பாலிருந்து, கரகரவென்று இன்னொன்று வந்தது.

“யோன்ஜூ-இச்சி.”

நாற்பத்தொன்று.

நல்லசாமியின் வாய் பிளந்தபடி நின்றது. ஹிராயாமா நோட்டில் எழுதினார். எழுதி முடித்தும் நோட்டை மூடாமல், சரிவின் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குலசேகரத்தின் கையிலிருந்த கேத்தலைக் காட்டி ஏதோ கேட்டார்.

“தண்ணி சூடா இருக்கான்னு கேக்குறாரு,” என்றார் இராஜமாணிக்கம்.

தேநீர் ஆறிப் போயிருந்தது. ஹிராயாமா அதைக் கேத்தல் மூடியில் ஊற்றி, நின்றபடியே குடித்தார். காருக்குத் திரும்பியதும் மங்கையிடம் மெதுவாக, அவளுக்குப் புரியும்படி ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். தானும் முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாராக இருந்தவர்தானாம். நல்ல பள்ளிக்கூடமாம். திறந்தே இருக்கலாமாம்.

மங்கை ஆழக் குனிந்தாள். நிமிரும்போது அவர் இன்னும் போகாமல் நின்றார்.

“கடைசி இரண்டு மாணவர்களின் குரல் நன்றாக முற்றியிருக்கிறது,” என்றார். “அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரம் வருவேன். அவர்களை முன்வரிசையில் நிறுத்துங்கள். பார்க்க வேண்டும்.”

அவர் சிரித்தாரா, முறைத்தாரா என்று மங்கைக்கு விளங்கவில்லை. கார் இருமிக்கொண்டு கிளம்பியது.

மாலை நாலு மணிக்கு, பழைய நேரம்தான், குலசேகரம் முக்காலியில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்தார்.

“இறங்குங்கோ,” என்றாள் பாலேஸ்வரி, குசினியில் மரவள்ளி சீவிக்கொண்டே.

“இல்லை. தோக்கியோவுக்கு மாத்தத்தான் போறன். இந்த மணிக்கூட்டாலை இண்டைக்குப் பள்ளிக்கூடமே போயிருக்கும்.”

“மணிக்கூடு என்ன செய்தது? அது தன்ரை பாட்டிலை ஓடுது. வாசல்லை நிண்டு மணி சொன்னது நீங்கள்.”

“சப்பாத்தோடைதானே நிண்டனான்? சப்பாத்தோடை நிண்டா ஒப்பீஸ் நேரம். உம்மடை சட்டம்தானே அது?”

மங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “அண்ணை சொல்லுறது சரி மச்சாள். பிழை என்ரை. நான் காலைப் பாக்கேல்லை.” பிறகு அண்ணனிடம், “மாத்தாதேங்கோ அண்ணை. மரத்துக்கு எது நேரமோ அது எங்களுக்கும் இருக்கட்டும். இனிமேல் மணி சொல்லேக்கை ரெண்டையும் சேர்த்துச் சொல்லுங்கோ, போதும்.”

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு இறங்கினார். மங்கை குசினிக்குப் போனாள். பாலேஸ்வரி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கையின் தோள்பட்டையில், வெட்டிய மரத்தில் சாய்ந்து நின்றவர்களுக்கு ஒட்டுவதுபோல, ரப்பர்ப் பால் காய்ந்து இழையாகத் தொங்கியது. மங்கை அதை மெல்ல உரித்து எடுத்தாள்.

“மச்சாள். நாப்பது நீங்களோ?”

பாலேஸ்வரி கிழங்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எண்ணிப் பாத்தன். ஒண்டு குறைஞ்சது. பேந்து என்ன செய்யிறது?”

“உங்களுக்கு அந்தப் பாஷை எப்பிடி…”

“ஒண்டரை வருசமா இந்தச் சுவருக்கு அங்காலை நிண்டு கத்துறீர். காதைக் கழட்டி வைக்கேலுமே?”

மங்கை அவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். மூன்று வருஷமாக ஒரே கூரையின் கீழ் இருந்தும், மச்சாளுக்குத் தன்னைப் பிடிக்காது என்றே அவள் நினைத்திருந்தாள். இன்று அந்த நினைப்பு வெட்கமாக இருந்தது. பாலேஸ்வரி, “விடும் மங்கை, கையிலை கத்தி,” என்றாளே தவிர, விலகவில்லை.

“நாப்பதே காணும். ஏன் நாப்பத்தொண்டும் சொன்னியள்? அந்த மனுசனுக்குச் சந்தேகம் வந்திட்டுது.”

கத்தி நின்றது.

“நானோ? நான் ஒண்டுதான் சொன்னனான். மற்றது நீர் ஒழுங்கு பண்ணின ஆளெண்டெல்லோ நினைச்சன்.”

“நான் ஒருத்தரையும் ஒழுங்கு பண்ணேல்லையே.”

“ஆம்பிளைக் குரல் மங்கை. எனக்குப் பின்னாலை, வாய்க்காலுக்கு அங்காலை. சொல்லிப்போட்டு இருமினவர்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நிப்பொன் பாஷையில் பிசகாமல் எண்ணிக்கை சொல்ல இந்தத் தோட்டத்தில் பெரியவர்களுக்கு யார் கற்றுக் கொடுத்தது? ஒரு ஆண்பிள்ளை, அதை நாள்தோறும் வரிசையில் நின்று சொல்லிப் பழக வேண்டுமானால், எங்கே போயிருக்க வேண்டும்?

பின்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. வள்ளிநாயகியின் தாய், லாரியில் போன ஆறுமுகத்தின் மனைவி மாரியம்மா, முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள்.

“கிராணியம்மா, ரெண்டு கொய்னா மாத்திர இருந்தா குடுங்கம்மா.”

“ஆருக்குக் காய்ச்சல்? வள்ளிக்கோ?”

“இல்லம்மா. வள்ளி நல்லாத்தான் இருக்கா.”

“உங்களுக்கோ?”

மாரியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். “அப்பறம்… ஐயாவோட பழைய கைலி ஒன்னு. கிழிஞ்சதா இருந்தாலும் பரவால்லம்மா.”

 பாலேஸ்வரி மாத்திரை டப்பாவை எடுத்தாள். மங்கை உள்ளே போய், கிழிந்ததை விட்டுவிட்டு, அண்ணனின் நல்ல கைலியாகப் பார்த்து எடுத்து மடித்தாள். கூடத்தில் நின்ற குலசேகரம் அதைப் பார்த்தார்.  அந்தக் கைலியின் மேல் தன் துண்டையும் எடுத்து வைத்தார்.

மங்கை அவற்றை மாரியம்மாவின் கையில் கொடுத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“மாரியம்மா, எங்கட நாற்பத்தொன்றாவது பிள்ளைக்கு நான் நன்றி சொன்னதா சொல்லுங்க. குரல் நல்லா இருந்திச்சு.”

மாரியம்மாவின் உடம்பு ஒருமுறை குலுங்கியது. வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு அழுதாள். “பிள்ளைங்கள ஏத்திருவாங்கன்னு கேட்டதும் அவருக்கு மனசு கேக்கலையாம் டீச்சரம்மா. வள்ளியோட குரலுக்கப்பறம் சத்தமே வரலையாம். அதான்…”

“அழாதீங்க. ஆனா அந்த இன்ஸ்பெக்டர் கடைசி ரெண்டு பேரையும் பாக்க மறுபடி வாறார். நாங்க யோசிச்சு ஒரு வழி பண்ணுவோம்.” மங்கையின் குரலில் நடுக்கம் இல்லை. வழி என்னவென்று அவளுக்கே இன்னும் தெரியாது என்பது வேறு விஷயம்.

“எத்தன மணிக்கு வருவாரு டீச்சரம்மா?”

மங்கை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள். வெறுங்கால்.

“வெள்ளிக்கிழமை,” என்றார் குலசேகரம். “தோக்கியோவுக்குப் பன்னிரண்டு. எங்களுக்குப் பத்தரை.”